உத்தரவா? இசைவா?

தோழனே!

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் நம் புதுவைக் கடற்கரை கோலம் பூணுவதைக் கண்டிருப்பாய். பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட நம் தமிழ்ப் பெரியவர்கள், மார்பிலே பதக்கம் மின்ன, நடையிலே பழைய படைவீரரின் மிடுக்கு மாறாமல், போர் நினைவுச் சின்னத்தின் முன்னே அணிவகுத்து நிற்பார்கள். பாஸ்டில் சிறை தகர்ந்த நாள்! முடியாட்சியின் முதுகெலும்பு முறிந்த நாள்!

அந்த நாளில், 1789இல், மன்னன் பதினாறாம் லூயி தன் நாட்குறிப்பிலே என்ன எழுதினான் தெரியுமா? ஒரே சொல். "ஒன்றுமில்லை." பாரிசு நகரம் பற்றி எரிகிறது, மக்கள் வெள்ளம் கோட்டைக் கதவை உடைக்கிறது, மன்னன் எழுதுகிறான், ஒன்றுமில்லை என்று! ஏன்? அந்த ஏடு, பெரும்பாலும் அவன் வேட்டைக் கணக்கு எழுதும் ஏடு. அன்று வேட்டை இல்லை. ஆகவே, அன்று ஒன்றுமில்லை!

சிரிக்காதே தோழனே! அந்த ஒரு சொல்லுக்குள்ளே ஒரு காலமே அடங்கிக் கிடக்கிறது. வேட்டை என்பது அவனுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, ஆட்சியின் அடையாளம். எவன் வேட்டையாடலாம், எவன் ஆடக்கூடாது, எவன் நிலத்திலே எவன் குதிரை பாயலாம் என்பதிலேதான் மேலோன் யார், கீழோன் யார் என்று அந்த நாடு வகுத்து வைத்திருந்தது.

உழவன் விதைக்கிறான். பிரபுவின் புறா வந்து பொறுக்குகிறது. கல்லெடுத்து ஓட்டலாமா? கூடாது! புறாக்கூடு வைத்துக்கொள்வதும் பல இடங்களிலே பிரபுவுக்கே உரிய தனியுரிமை. முயல் வந்து முளையைக் கடிக்கிறது. அடிக்கலாமா? கூடாது! அது பிரபுவின் வேட்டைப்பொருள். அரசன் வேட்டைக்கென ஒதுக்கிய வட்டாரங்களிலே, கவுதாரி கலைந்துவிடும் என்று களை பறிக்கவும் காலம் பார்க்க வேண்டியிருந்தது உழவனுக்கு. மீறியவனுக்குச் சிறை, நாடு கடத்தல், கப்பலிலே கைவிலங்கோடு கட்டாய உழைப்பு!

ஜூலை 14ஐக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் ஆகஸ்டு 4ஐ யார் நினைக்கிறார்கள்? 1789 ஆகஸ்டு 4 இரவிலேதான், கிராமங்களிலே மூண்ட கிளர்ச்சியின் வெம்மை தாங்காமல், பிரபுக்களே ஒருவர் பின் ஒருவராய் எழுந்து தம் தனியுரிமைகளைத் துறப்பதாக அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து, 11ஆம் நாள், அது தீர்மானமாக வடிவம் பெற்றது. இரண்டாம் விதி, புறாக்கூட்டுத் தனியுரிமை ஒழிந்தது என்றது. மூன்றாம் விதி, வேட்டைத் தனியுரிமை ஒழிந்தது என்றது. வேட்டையாடிய ஒரே குற்றத்துக்காகக் கப்பல் தண்டனை பெற்றோரையும், நாடு கடத்தப்பட்டோரையும் திரும்ப அழைக்குமாறு மன்னனைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதி கூறியது. ஒரு முயலுக்காக விலங்கு பூண்டவன் வீடு திரும்பும் வழி பிறந்தது. எத்துணைப் பெரிய இரவு!

ஆனால், தோழனே, அந்த விதியை இன்னொரு முறை படி. பிரபுவின் கையிலிருந்து பறித்த உரிமையை யார் கையிலே கொடுத்தார்கள்? நிலம் உடையவன் கையிலே! தன் நிலத்திலே வரும் வேட்டைப்பொருளை அழிக்கும் உரிமை ஒவ்வொரு நில உடைமையாளனுக்கும் உண்டு என்றார்கள். 1844 மே 3ஆம் நாள் வந்த சட்டம் அதை மேலும் கெட்டியாக்கிற்று: நிலக்காரன் இசைவின்றிப் பிறன் நிலத்திலே எவனும் வேட்டையாடக் கூடாது என்றது.

முறைதானே என்பாய். முறைதான். ஆனால் நிலமே இல்லாதவன்? அவன் முன்பு பிரபுவின் வாயிலிலே நின்றான். பின்பு நிலக்காரன் வரப்பிலே நின்றான். புரட்சி வந்தது, போனது. அவன் மட்டும் நின்றுகொண்டே இருக்கிறான்!

பிரான்சுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறாயா? 1954 நவம்பர் 1ஆம் நாள், நம் ஊரிலே ஒரு மூவண்ணக் கொடி இறங்கிற்று. இன்னொரு மூவண்ணக் கொடி ஏறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் நாம் இந்தியரானோம். இரண்டு கொடிகளும் சமத்துவம் பேசுகிற கொடிகள்தாம். ஆனால் இரண்டு கொடிகளின் கீழும் ஒரு மனிதன் வரப்போரத்திலே கைகட்டி நின்றான், இன்றும் நிற்கிறான். அவனை நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தேடி வந்திருக்கிறேன்.

சென்ற தைத் திங்கள். பாகூர்ப் பக்கத்திலே, என் தாய்மாமன் கழனி. சம்பா அறுவடை முடிந்து, தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தது. நான் நாடகக்காரன் அல்லவா? கண்ணில் பட்ட காட்சியைக் காட்சியாகவே காட்டுகிறேன், பார்.

காலை மணி எட்டு. வரப்பின் முனையிலே ஒரு முதியவர். அறுபது வயதுக்குக் குறையாது. தோளிலே கடப்பாறை. அருகே அவர் மனைவி, இடுப்பிலே சாக்குப்பை. பின்னாலே ஒரு பேரன், பத்து வயதிருக்கும். அவன் கையிலே பக்கவாட்டில் துளையிட்ட மண்பானை. இருளர்கள். எலி வளை வெட்ட வந்தவர்கள்.

மோட்டார்க் கொட்டகைத் திண்ணையிலே என் மாமன் மகன். வயது இருபத்திரண்டு.

"சாமி, வளை நெறையத் தெரியுது. ஒரு உத்தரவு குடுத்தீங்கன்னா வெட்டிப் பாத்துக்குவோம்."

"நில்லுடா. அப்பா வரட்டும்."

நின்றார். பேரன் வயதுடையவன் "நில்லுடா" என்றான். பாட்டன் வயதுடையவர் நின்றார். ஒன்பதாயிற்று, நின்றார். பத்தாயிற்று, நின்றார். வெயில் ஏறிற்று, அந்த அம்மை வரப்பிலே குந்தினாள், பையன் பானையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டான், நிழலுக்காக. பதினோரு மணிக்கு மாமா வந்தார். எங்கிருந்து வந்தார் தெரியுமா? கூட்டத்திலிருந்து! நம் கூட்டத்திலிருந்துதான்! ஒன்றே குலம் என்று முழங்கிவிட்டு, தோளிலே கரை போட்ட துண்டு துவளத் துவள வந்தார்.

"வரப்ப ஒடைக்காம வெட்டணும். வளையில நெல்லு கெடச்சா, பாதி இங்க வெச்சிட்டுப் போவணும். தெரியுதா?"

"சரிங்க சாமி."

அதன்பின் நடந்ததுதான் காட்சி! அந்தக் கிழவர் குனிந்து மண்ணைப் பார்த்தார், மோந்தார். எந்தத் துளை வாயில், எந்தத் துளை வழி, எந்தத் துளை தப்பியோடும் கொல்லைக்கதவு என்று கணக்கிட்டார். மற்றவற்றை மண்ணால் அடைத்து, ஒன்றிலே பானையைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலுக்குத் தீயிட்டு, துளையிலே வாய் வைத்து ஊதினார். புகை வளைக்குள்ளே போயிற்று. பாதி அவர் நெஞ்சுக்குள்ளே போயிற்று. இருமினார்; மீண்டும் ஊதினார். பிறகு கடப்பாறை பேசிற்று. எலிகள் வந்தன. ஒரு முழ ஆழத்திலே, எலி சேர்த்து வைத்த களஞ்சியம்! கதிர் கதிராய் அடுக்கி, நெல்மணி சிந்தாமல் சேமித்த செல்வம்! ஏழு வளை வெட்டினார்கள். வெட்டிய ஒவ்வோர் இடத்தையும் அந்த முதியவர் மண் தள்ளி மூடி, காலால் மிதித்து, கையால் தடவி, வரப்பை வரப்பாக்கிவிட்டே அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். என் மாமன் வீட்டுக் கூலியாள்கூட அப்படி வரப்புக் கட்டி நான் பார்த்ததில்லை.

நெல்லைக் கொட்டினார்கள். பாதியை அளந்து பிரித்து வைத்தார்கள். அவர்கள் போனபின் மாமா சொன்னார்: "பாதிய மடியில மறைச்சிருப்பானுங்க. திருட்டுப் பசங்க."

நான் என்ன செய்தேன் என்று கேள், தோழனே! கேட்கத்தான் வேண்டும். மேடையிலே மணிக்கணக்கில் பேசுகிறவன், கல்லூரியைப் பாதியிலே விட்டபோதும் பேச்சை மட்டும் விடாதவன், அன்று என்ன பேசினேன்? ஒன்றுமில்லை! அந்த லூயி எழுதினானே, அதே ஒன்றுமில்லை! இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

உறுத்தல் தாங்காமல் சாலைவரை ஓடி, அந்தப் பெரியவரைப் பிடித்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல், "மருந்து வைத்த வயலென்றால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்று கேட்டேன். "கேப்போம் சாமி. சொல்றவங்க சொல்வாங்க. சொல்லாதவங்க வயல்ல, செத்த எலி மொகத்தப் பாத்துக் கண்டுக்குவோம்" என்றார்.

சொல்லாதவர்கள் வயலில்! நெஞ்சிலே நெருப்பை வைத்தாற்போல் இருந்தது. எலிக்கு வைத்த நஞ்சு அந்தக் குழந்தையின் உலைக்குப் போகாமலிருக்க, செத்த எலியின் முகம்தான் சாட்சி! வாயுள்ள நிலக்காரன் வாய் திறக்கவில்லை. வாயில்லாச் செத்த எலி சொல்கிறது!

இப்பொழுது கணக்குப் பார்ப்போம், தோழனே. யாருக்கு யார் தேவை?

வயல் எலி தன் வயிற்றுக்குத் தின்பதோடு நிற்பதில்லை. கதிரை வெட்டுகிறது, வளைக்குள்ளே இழுக்கிறது, குவிக்கிறது, குட்டி போட்டுப் பெருகுகிறது. வரப்பைத் துளைத்து நீரை வடிக்கிறது. அதை ஒழிக்க உழவன் துத்தநாகப் பாஸ்பைடு வாங்குகிறான், காசு கொடுக்கிறான். அந்த நஞ்சுணவு எலியை மட்டுமா கொல்லும்? தின்ன வருகிற எவ்வுயிரையும் கொல்லும். நஞ்சுண்ட எலியைத் தின்ற நாயும் பறவையும்கூடத் தப்புவது உறுதியில்லை. இரவெல்லாம் கூலியின்றி எலி பிடிக்கும் கூகைக்கும் சாரைக்கும் வைக்கிற வினை அது! இருளர் வெட்டும் வளையிலே நஞ்சில்லை, செலவில்லை, வளைக்குள்ளே போன நெல்லும் வெளியே வருகிறது. ஆக, நிலக்காரன் பயிரைக் காக்க வந்தவன், நிலக்காரனிடம் பிச்சை கேட்பதுபோல் நிற்கிறான்! மருத்துவர் நோயாளியின் வாசலிலே மூன்று மணி நேரம் கைகட்டி நின்று, "உத்தரவு கொடுங்கள், உங்கள் நோயைத் தீர்த்துக்கொள்கிறேன்" என்று கெஞ்சினால் எப்படியிருக்கும்? அப்படியிருக்கிறது இந்த முறை!

பாம்பின் கதையைக் கேள். தோலுக்காகப் பாம்பு பிடித்து வயிறு வளர்த்தவர்கள் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதையொட்டித் தோல் வாணிகம் தடைப்பட்டது. நல்ல தடைதான், ஆனால் அவர்கள் அடுப்பு அணைந்தது. பிறகு 1978இல், ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோர் துணையோடு, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியிலே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மாற்று மருந்து பிறக்கிறது. வரப்பிலே பாம்பு கடித்துச் சாகக் கிடக்கும் உழவனை எழுப்பி உட்கார வைப்பது எவர் கை? வரப்பிலே நிற்க வைத்தோமே, அவர் இனத்தார் கை! 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது நாடு. தில்லி எழுந்து நின்று மதித்தது. நம் ஊர் வரப்பு "நில்லுடா" என்கிறது!

எலி பிடிப்பவன் என்றால் இளக்காரமா? வடக்கே பீகாரிலே, எலி பிடிப்பதையே பெயராகச் சுமக்கும் முசகர் சமூகத்தில் பிறந்த சீதன் ராம் மாஞ்சி, 2014இல் அம்மாநிலத்தின் முதலமைச்சர் நாற்காலியிலே அமர்ந்தார்.

நம் பழந்தமிழ் இலக்கியத்தைப் புரட்டு. இருளரும் எயினரும் ஒருவரே என்று நான் சொல்லவரவில்லை. தொழிலின் தொன்மையைச் சொல்கிறேன். பெரும்பாணாற்றுப்படையிலே எயினர் குலப் பெண்டிர், இரும்பு முனை பூட்டிய கோலால் கரம்பை மண்ணைக் கிண்டி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். நான் பாகூர் வரப்பிலே கண்ட காட்சியும் அதுவேதான். எறும்புக்குப் பதில் எலி, புல்லரிசிக்குப் பதில் நெல்! சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன், நமக்கு அண்டையிலே திண்டிவனத்துப் பக்கத்து ஓய்மாநாட்டை ஆண்டவன். அவன் நாட்டிலே பசித்து வரும் பாணனுக்கு எயினர் மகளிர் சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் விருந்தாக இடுகிறார்கள். வேட்டுவர் குடி அன்று விருந்து வைத்த குடி. வாங்க நின்ற குடியன்று. வழங்கி நின்ற குடி!

பிறகு என்ன ஆயிற்று? நிலம் எழுத்திலே ஏறிற்று. இதே பாகூரிலே, 9ஆம் நூற்றாண்டிலே, நிருபதுங்க பல்லவன் காலத்திலே, மூன்று ஊர்களைக் கல்விநிலையம் ஒன்றுக்குக் கொடையாக்கிச் செப்பேடு பொறித்தார்கள். கல்லூரியைப் பாதியில் விட்டவன், கல்லூரிக்குக் கொடுத்த செப்பேட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நகைக்காதே! கல்விக்குக் கொடை நல்ல கொடைதான். ஆனால் அந்நாளைய தானச் சாசனங்களிலே ஒரு வழக்கத் தொடர் உண்டு: உடும்பு ஓடுகிற இடமும், ஆமை தவழ்கிற இடமும் உட்பட, நிலம் முழுவதும் கொடுத்தோம் என்பது. உடும்பைக் குறித்தார்கள், ஆமையைக் குறித்தார்கள். உடும்பின் பின்னே ஓடிய மனிதனுக்கு அந்த நிலத்திலே என்ன பங்கு என்பதைக் குறித்தார்களா?

அண்மைக் காலத்துச் சாசனத்துக்கு வருவோம். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கிலே, புதுவை ஒன்றியப் பகுதியில் பட்டியல் பழங்குடியினர் எத்தனை பேர்? சுழி! ஆள் இல்லாமலா? அட்டவணை இல்லாமல்! நம் பகுதிக்கென்று பழங்குடிப் பட்டியலே அதுவரை இல்லை. 2016 டிசம்பரிலேதான் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதிலே எழுதியிருக்கும் பெயர் என்ன தெரியுமா? "இருளர், வில்லி, வேட்டைக்காரன் உட்பட." ஆம் தோழனே, வேட்டைக்காரன் என்றே எழுதியிருக்கிறது! அரசாணை பெயரைக் கொடுத்தது. அந்தப் பெயருக்குரிய நிலத்தைக் கொடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டிலே வாழ்வோருக்குப் பல உரிமைகளைத் தந்தது. வேட்டையை மட்டும் வெளிப்படையாகவே விலக்கிற்று. காடென்று சொல்லத்தக்க பெருங்காடே இல்லாத புதுவை வட்டாரத்திலே, அவருக்கு எஞ்சிய காடு எது? உன் கழனி! என் மாமன் கழனி! நம் வரப்புத்தான் அவர் வனம்!

"அப்படியானால், எவன் வேண்டுமானாலும் எவன் நிலத்திலும் நுழையலாம் என்கிறாயா?" என்று கேட்பாய். இல்லை. ஒரு காணி வைத்துக்கொண்டு கடனிலே மூழ்கிக் கிடக்கும் சிறு உழவனின் கவலை எனக்குத் தெரியும். வரப்பு உடைந்தால் நீர் போகும்; பயிர் மிதிபட்டால் பாடு போகும். "வேண்டாம்" என்று சொல்ல அவனுக்கும் உரிமை வேண்டும். பிரான்சிலேயே 1964இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சிறு நிலக்காரர்களின் நிலத்தை வேட்டைச் சங்கங்களுக்குக் கட்டாயமாகத் திறந்துவிட்டார்கள். வேட்டையையே மனச்சான்றால் வெறுக்கும் சிலர் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1999 ஏப்பிரல் 29இல் தீர்ப்பு வந்தது: கட்டாயப்படுத்தியது தவறு என்று! நல்ல தீர்ப்பு. கட்டாயமாகத் திறப்பதும் வேண்டாம். கைகட்டிக் காத்திருக்கச் செய்வதும் வேண்டாம்.

இன்னொன்றும் தெளிவாகட்டும். முயலும் உடும்பும் மயிலும் காட்டுப்பன்றியும் சட்டம் காக்கும் உயிர்கள். ஒரு காலத்திலே சீட்டு வாங்கிச் சுடலாம் என்றிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சீட்டு முறைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. நிலக்காரன் ஆயிரம் முறை தலையசைத்தாலும் அந்தத் தடை நீங்காது. நான் பேசுவது, 2022 திருத்தம் வரையிலே அச்சட்டமே தீங்குயிர் என்று தனி அட்டவணையிலே வைத்திருந்த எலியைப் பற்றி. உழவுத் துறையே ஒழிக்கச் சொல்லும் வயல் எலியைப் பற்றி.

ஆகவே, கேட்பது வேண்டும். கேட்கிற முறை மாற வேண்டும். அந்தப் பெரியவர் கேட்டது உத்தரவு. உத்தரவு என்பது மேலேயிருந்து கீழே விழுவது. தமிழிலே இன்னொரு சொல் இருக்கிறதே, இசைவு! இசைவு என்பது இருவர் நேர்நின்று ஒத்துக்கொள்வது. யாழும் குழலும் இசைவதுபோல் இருவர் உள்ளமும் இசைவது. உத்தரவு கேட்பவன் நிற்கிறான். இசைவு கேட்பவன் உட்காருகிறான். வரப்பிலே நாம் செய்யவேண்டிய புரட்சி, இந்த ஒரு சொல்லை மாற்றுகிற புரட்சிதான்!

எப்படி மாற்றுவது? சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிலம் வைத்திருக்கும் நம் தோழர்கள் நாளைக்கே தொடங்கலாம்.

முதலாவது, நாக்கைத் திருத்து. உன் தந்தை வயதுடையவரை "டா" போட்டு அழைக்கும் நாக்கு, மேடையிலே சமத்துவம் பேசத் தகுதியற்ற நாக்கு. "வாங்க பெரியவரே" என்று சொல்; நாற்காலி போடு; தண்ணீர் கொடு, நீ குடிக்கும் குவளையிலே கொடு.

இரண்டாவது, அவர் வரும்வரை இராதே. நீயே அழைத்து அனுப்பு. கதிர் பால் பிடிக்குமுன் ஒரு முறை, அறுவடை முடிந்ததும் ஒரு முறை. வேலைக்குக் கூலி கொடு. நஞ்சுக்குக் கொடுக்கும் காசை மனிதனுக்குக் கொடு.

மூன்றாவது, வளை நெல்லிலே பங்கு கேட்காதே. "நான் விதைத்த நெல் அல்லவா?" என்பாய். நீ விதைத்தாய், உண்மை. எலி கொண்டுபோன அன்றே அது உனக்கு இல்லாமற்போயிற்று. புகையை விழுங்கி, மண்ணைப் பிளந்து, பூமிக்குள்ளிருந்து அதை மீட்டவர் அவர். அவர் மீட்டிராவிட்டால் அது எலிக்குத்தான். எலிக்கு விட்டுக்கொடுக்க மனம் வருகிறது, மனிதனுக்கு விட்டுக்கொடுக்க வரவில்லையா?

நான்காவது, நஞ்சு வைத்திருந்தால் வாய் திறந்து சொல். எந்த வயலில், எந்த நாளில், என்ன மருந்து என்று சொல். இது தயவன்று, கடமை. சொல்லாமல் விட்ட ஒரு சொல், ஒரு குழந்தையின் உயிராகலாம்.

ஐந்தாவது, ஒரு துண்டுத் தாளிலே, "இவர் என் அழைப்பின்பேரில் என் நிலத்தில் வேலை செய்கிறார்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடு. அந்தத் தாள் ஏன் தேவை என்று உனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். எந்த வீட்டிலே எது காணாமற்போனாலும், முதலிலே தேடப்படுவது எவர் குடிசை? 1993இல் கடலூர்ப் பகுதியிலே, குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு என்ற உழைப்பாளி மீது திருட்டுப் பழி சுமத்தினார்கள்; கம்மாபுரம் காவல் நிலையத்திலே அடித்தே கொன்றார்கள். அவர் மனைவி அஞ்சாமல் போராடினார். வழக்கறிஞர் சந்துரு வழக்காடினார். காவலர்கள் தண்டனை பெற்றார்கள். 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தைப் பார்த்து நீயும் அழுதாய், நானும் அழுதேன். திரையைப் பார்த்து அழுவது எளிது தோழனே! "திருட்டுப் பசங்க" என்று பக்கத்திலே ஒருவர் சொல்லும்போது, "நிறுத்துங்கள்" என்பதுதான் அரிது. அந்தச் சொல்தான் விதை. காவல் நிலையத்துக் கொலை அதன் விளைச்சல்!

ஆறாவது ஒன்று உண்டு, அது எனக்கு. சென்ற வாரம் மாமாவிடம் போனேன். தைத் திங்களிலே விழுங்கிய சொற்களை எல்லாம் கொட்டினேன். முதலிலே சினந்தார். "கழனி என்னுது. எங்கிட்ட நாயம் பேச வந்துட்டியா?" என்றார். "கழனி உங்களுடையதுதான் மாமா, கட்சி நம்முடையது. மேடையிலே நீங்கள் சொன்னதைத்தான் வரப்பிலே திருப்பிச் சொல்கிறேன்" என்றேன். நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "இந்தத் தை வரட்டும், சொல்லியனுப்பறேன். நீயும் வா" என்றார். மனம் மாறிவிட்டதென்று மார்தட்ட மாட்டேன். சொல்லியனுப்புவாரா, அனுப்பினால் நாற்காலி போடுவாரா, போட்டால் நெல்லிலே பங்கு கேட்பாரா, தை பிறந்தால் தெரியும். நான் போகத்தான் போகிறேன். இளநீர் குடிக்க அல்ல.

தோழனே! அடுத்த ஜூலை 14இல் கடற்கரைக்குப் போ, மகிழ்ந்து பார். திரும்பி வரும் வழியிலே ஆகஸ்டு 4ஐயும் நினைத்துக்கொள். அந்த இரவிலே பிரபுக்கள் தாமே எழுந்து நின்று, தம் வாயாலேயே, தம் தனியுரிமையைத் துறந்தார்கள். தீ தம் மாளிகையை நெருங்கியதால் துறந்தார்கள். நம்மை எந்தத் தீயும் நெருங்கவில்லை. கடப்பாறையைத் தோளிலே சுமந்த அந்தப் பெரியவர், அதை மண்ணின்மேல் மட்டுமே ஓங்கினார். அச்சத்தால் துறந்தவர்களையே வரலாறு வாழ்த்துகிறது என்றால், அறத்தால் துறப்பவனை எப்படி வாழ்த்தும்!

உன் வரப்பிலே ஒருவர் நிற்கிறார். போய், உட்காரச் சொல்.